பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில்

இரண்டாவது பாட்டு முடிந்து மூன்றாவது தொடங்குமுன், அந்த நாலைந்து விநாடி வெறுமைக்குள், எங்கோ ஒரு குழாய் சொட்டியது. டக். சற்றுப் பொறுத்து இன்னொரு டக். அதற்குள் ஓர்கனும் ட்ரம்ஸும் சேர்ந்து மூன்றாவது பாட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட, சொட்டுச் சத்தம் அதனடியில் அமுங்கிப்போனது.

றிகாஸ் கண்ணைத் திறந்து கதிரையில் நிமிர்ந்தான். புது இசைத்தட்டு ஒன்று கைக்கு வந்தால் அவன் முதலில் பாட்டைக் கேட்கிற ஆள் அல்ல. பாட்டு எங்கே ஓடிவிடப் போகிறது! முதலில் அவன் கேட்பது பாட்டு இல்லாத இடங்களை. ஊசி இறங்கி முதல் அடி விழும்வரை உள்ள கறுப்பு ஓரம், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மினுங்கும் மெல்லிய இடைவெளி, எல்லாம் ஓய்ந்தபின் நடுவட்டத்துக்குப் பக்கத்தில் ஊசி சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும் கடைசி வளையம். அச்சடித்தவனின் யோக்கியதை அங்கேதான் தெரியும் என்பான். சாக்ஸபோன் முழங்கும்போது எந்தக் குறையும் அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். எல்லோரும் வாயை மூடிய பிறகுதான் கரகரப்பும் இரைச்சலும் அகப்படும்.

துறைமுகத்தடியில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் அவனுக்கு வேலை. வந்து நிற்கிற கப்பல்களில் ஏறிக் கடதாசிகளில் கையொப்பம் வாங்குவது, மாலுமிகளுக்கு மருந்து, சிம் காட் என்று ஓடித் திரிவது. அந்த மாலுமிகளில் ஒருவர் பத்து வருசத்துக்கு முந்தி விட்டுப்போன ஒரு பழைய பிளேயரில் தொடங்கிய பைத்தியம் இது. ஜாஸ், சோல் ஜாஸ், ஃபியூஷன் என்று இப்போது நூற்று நாற்பத்து மூன்று தட்டுகள் தேக்கு அலுமாரியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. எல்லாம் மறுபதிப்புகள். ஐம்பது வருசத்துக்கு முந்திய மூலத்தட்டுகளில் அவனுக்கு ஆசையில்லை. அவை யாரோ ஒரு வீட்டில் யாரோ கீறி வைத்தவை. மறுபதிப்பென்றால் வேறு கை படாதது, அதில் முதல் ஊசி தன்னுடையது என்பதில் அவனுக்கு ஒரு பெருமை.

இந்தத் தட்டு கோதுமை ஏற்றிவந்த கப்பலின் சமையற்காரர் கொண்டுவந்தது. வழியில் ஏதோ ஒரு துறைமுகத்தில், ஏதோ ஒரு சின்னக் கடையில் எடுத்ததாம். நீல உறை, அதில் வெறும் அறை ஒன்றின் படம், ஐந்து பேருடைய பெயர்கள். ஒன்றைக்கூட றிகாஸ் முன்னம் கேள்விப்பட்டதில்லை. மேலே ஒட்டியிருந்த வட்டச் சிட்டையில், இதைவிட நிசப்தமான அச்சு உலகத்தில் கிடையாது என்று ஆங்கிலத்தில் பெருமை அடித்திருந்தார்கள். அந்த ஒரு வரிக்காகவே அன்று அவன் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தான்.

நிசப்தமான அச்சாம்! குசினிக் குழாய்தான் கெடுக்கிறது என்று நினைத்தான். மூன்று மாதமாக அது சொட்டுகிறது. நாளைக்கு வாஷர் மாற்றுகிறேன் என்று சொல்லிச் சொல்லியே மாரி வந்துவிட்டது. பொழுதுபட, மஃரிபுத் தொழுகைக்குப் பள்ளியில் வாங்கு சொன்னதும் ஊசியைத் தூக்கி வைத்தான். வாங்கு கேட்டால் ஊசி மேலே போகவேண்டும். இது மனைவி ரிஸ்னாவின் வாப்பா போட்ட சட்டம். வீடு ரிஸ்னாவுக்குக் கொடுத்த வீடு. கல்யாணம் முடித்து வந்த மாப்பிள்ளை, உடுப்புப் பெட்டிக்குப் பதிலாக இரண்டு பெரிய ஸ்பீக்கரைத் தோளில் சுமந்துகொண்டு வாசலில் நின்றபோது, மனிசன் அந்த ஒரு நிபந்தனையோடுதான் உள்ளே விட்டார். அவர் மௌத்தாகி நாலு வருசம். சட்டம் இன்னும் நிற்கிறது; மூளைக்குத் தெரியுமுன் கை தானாக எழும்பி ஊசியைத் தூக்கிவிடும்.

மறுநாள் காலையில் ரிஸ்னா தேத்தண்ணியோடு வந்து எதிரே இருந்தாள். ஏழு மாத வயிறு. ஒன்பது வருசத்தில் இரண்டு தரம் வந்து, மூன்றாம் மாதத்தைத் தாண்டாமல் போய், இனி அல்லாஹ்விடம் கேட்கவே பயந்து இருவரும் கேளாமல் விட்டபிறகு வந்த பிள்ளை. கிளினிக்கில் கொடுத்த மட்டையில் ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளை எத்தனை தரம் துடிக்கிறது என்று எண்ணிக் கோடு போடுகிறாள். பத்துக் கோடு விழுந்தால்தான் றிகாஸுக்குக் கந்தோரில் மத்தியானச் சோறு இறங்கும். "பத்து" என்று ஒரு சொல் செய்தி அனுப்புவாள். அதைப் பார்க்கும்வரை பார்சலை அவிழ்க்கமாட்டான்.

"குழாயத் திருத்தீட்டீங்களா மச்சான்? ராவைக்குச் சத்தமே இல்ல. நல்லா நித்திர கொண்டன்" என்றாள்.

"நான் தொடயே இல்லயே."

"அப்ப ஜின்னா வந்து திருத்தினது?" என்று சிரித்தாள்.

அவன் குசினிக்குப் போனான். குழாய் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. வாயில் ஒரு துளி திரண்டு, கனத்து, நீண்டு, அறுந்து விழுந்தது. சத்தமில்லை. அடுத்த துளி. அதற்கும் இல்லை. ஒரு எவர்சில்வர் கோப்பையைக் கவிழ்த்துக் குழாய்க்குக் கீழே வைத்தான். துளி அதன் முதுகில் விழுந்து நாலாபக்கமும் தெறித்தது. அவன் கையில்கூடப் பட்டது. ஆனால் காதுக்கு ஒன்றும் வரவில்லை. கரண்டியால் கோப்பையைத் தட்டினான். கணீரென்றது. காதில் பிழையில்லை. என்ன கோதாரி இது என்று கொஞ்சநேரம் அங்கேயே நின்றான். பிறகு கந்தோருக்கு நேரமாகிவிட்டது.

அன்று பின்னேரம் கந்தோரால் வந்த கையோடு தட்டை மறுபடி போட்டான். மழை வருமுன் வருகிற புழுக்கம். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் காகங்கள் கும்பலாக வந்து இறங்கி இடத்துக்குச் சண்டை பிடித்தன. அலுமாரியைத் திறந்தால் வருகிற அந்தக் கடதாசியும் புது நெகிழியும் கலந்த மணம் அறை முழுக்க நின்றது. இதெல்லாம் அவனுக்கு வழக்கமாகச் சுகம் தருகிற விசயங்கள். அன்றைக்கு எதுவும் மனதில் ஒட்டவில்லை. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் குழாய் சொட்டியது. அதை எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அவன் எதிர்பார்க்காதது மூன்றுக்கும் நாலுக்கும் இடையில் வந்தது. நேற்று அந்த இடம் துடைத்துவிட்ட மாதிரி வெறுமையாக இருந்தது, அவனுக்கு நல்ல ஞாபகம். இன்று அதில் ஒரு கேட் திறந்தது. துருப்பிடித்த பிணைச்சல் முதலில் முனகி, பிறகு கீச்சென்று ஏறி, கடைசியில் இரும்பு சுவரில் மோதி அடங்குகிற சத்தம். அந்த ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த சத்தம். அது அவன் வீட்டுக் கேட்.

வாங்கு சொல்ல, ஊசி எழும்பியது. றிகாஸ் வாசலுக்குப் போய்க் கேட்டைப் பிடித்து முழுசாகத் திறந்தான். மூடினான். பலமாக இழுத்துச் சுவரில் அடித்தான். காரை உதிர்ந்து காலில் விழுந்தது. பக்கத்து வீட்டு மனிசி ஜன்னலால் எட்டிப் பார்த்தாள், இந்த ஆளுக்கு என்ன பிடித்தது என்கிற மாதிரி. சத்தம் மட்டும் இல்லை. அப்போதுதான் அவனுக்குப் பயம் பிடித்தது.

உப்புவெளியில் அவனுக்குத் தர்சன் என்று ஒரு கூட்டாளி. வெள்ளைக்காரர் தங்குகிற சின்ன விடுதி ஒன்று நடத்துகிறவன். திருகோணமலையில் இந்தப் பைத்தியம் பிடித்த இரண்டாவது ஆள். ஞாயிற்றுக்கிழமை தட்டைப் பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, மழைக்கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, மோட்டார்சைக்கிளில் போனான். மாரி என்றபடியால் விடுதியில் ஒருவருமில்லை. கடல் கரைவரை கலங்கி மண்ணிறமாகக் கிடந்தது.

"இதே தட்டு போன மாசம் எனக்கும் வந்தது. மயான அமைதியடா! நானே சொல்லலாமெண்டு இருந்தனான்" என்றான் தர்சன். தன்னுடையதை முதலில் போட்டுக் காட்டினான். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் ஒன்றுமில்லை. மூன்றுக்கும் நாலுக்கும் இடையில் ஒன்றுமில்லை. இப்படி ஒரு வெறுமையை அவர்கள் இருவரும் எந்த அச்சிலும் கேட்டதில்லை. பிறகு றிகாஸின் தட்டைப் போட்டான்.

குழாய். தர்சன் புருவத்தைத் தூக்கினான். கேட்.

"ஸ்டூடியோக் கதவாயிருக்கும்" என்றான். "அந்தக் காலத்தில என்ன, வீட்டு ஹோலிலயும் வச்சு அடிச்சவங்கள்தானே." ஊசியைத் தூக்கி அந்த இடத்திலேயே மறுபடி வைத்தான். கேட் மறுபடி முனகித் திறந்தது. "இது அப்பிடியே உன்ர வீட்டுக் கேட்டு மாதிரியெல்லோ கிடக்கு!" என்று சிரித்தான். றிகாஸின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

நாலாவது பாட்டு ஓடி முடிந்தது. அதற்குப் பிறகு வந்த இடைவெளியில் யாரோ ரப்பர்ச் செருப்போடு சீமெந்துத் தரையில் நடந்து போனார்கள். சரக். சரக். இடது கால் கொஞ்சம் இழுபட்டு, வலது கால் பாரமாக ஊன்றி.

"ஆரோ பொம்பிளையாக்கும்" என்றான் தர்சன் மெல்ல.

றிகாஸ் எழும்பி ஊசியைத் தூக்கினான். உறைக்குள் போடக்கூடப் பொறுமையில்லை. தர்சன் பின்னாலேயே வாசல்வரை வந்து, "டேய், அதை இஞ்ச வச்சிட்டுப் போ. எனக்குத் தா. இனிப் போடாதை" என்று கையை நீட்டினான். தட்டைக் கொடுக்க றிகாஸுக்கு மனம் வரவில்லை. ஏன் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. ரிஸ்னாவின் காலடி அதற்குள் இருக்கும்போது அதை இன்னொருவன் வீட்டில் எப்படி விட்டுவிட்டுப் போவது?

மழைக்குள் வந்து இறங்கியபோது அவள் துவாயோடு விறாந்தையால் வந்துகொண்டிருந்தாள். அதே நீலச் செருப்பு. இடது கால் இழுபட்டது. "நனஞ்சு நாசமாப் போயிட்டீங்க, தலையத் துடைங்க" என்றாள். குரல் தெளிவாகக் கேட்டது. மழை ஓட்டில் அடிப்பது கேட்டது. அவள் கால் தரையில் படுவது மட்டும் கேட்கவில்லை. அவன் அவளை அங்கேயே கட்டிப் பிடித்துக்கொண்டான். "என்ன மச்சான் இது, ஒழுங்கையால ஆக்கள் போறாங்க" என்று அவள் கூச்சப்பட்டுத் தள்ளினாள்.

தட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டினான். பத்து நாள் தொடவில்லை. உடைத்து எறிந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அவனும் அதை யோசிக்காமலில்லை. ஒருநாள் இரண்டு கையாலும் பிடித்து வளைத்தும் பார்த்தான். இதை உடைத்தால், உள்ளே போனவை திரும்பி வருமா, இல்லை உள்ளேயே செத்துப்போகுமா? கேட்டும் குழாயும் போனால் போகட்டும். காலடி? திரும்ப உறைக்குள் வைத்துவிட்டான்.

அந்தப் பத்து நாளும் மனிசன் இருந்த இடத்தில் இருக்கவில்லை. கந்தோரால் வந்ததும் வீட்டுக்குள் நடந்து நடந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பான். அலுமாரிக் கதவு, சத்தமுண்டு. ஜன்னல் கொக்கி, உண்டு. குசினிப் பானைகள், மின்விசிறி, கட்டில் சட்டம், உண்டு, உண்டு, உண்டு. ரிஸ்னா இருமினால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பான். காரணமில்லாமல் அவளைப் பேசவைப்பான். "இண்டைக்கு என்ன கறி?" என்று ஒரு பின்னேரத்தில் மூன்று தரம் கேட்டான். "உங்களுக்குத்தான் புள்ள கிடைக்கப்போற மாதிரி அந்தரப்படுறீங்க" என்றாள் அவள். அவளிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவாள், பயந்தால் பிள்ளைக்குக் கூடாது. அந்த ஒன்றைத்தான் அவன் திரும்பத் திரும்ப நினைத்தான். பிள்ளைக்கு ஒன்றும் வரக்கூடாது.

பதினோராம் நாள் பின்னேரம் கிளினிக் மருத்துவிச்சி தயாளினி வீட்டுக்கு வந்தாள். ஸ்கூட்டரை மழையில் விட்டுவிட்டு, மழைக்கோட்டை விறாந்தையில் உதறிப் போட்டு, மட்டையை வாங்கிக் கோடுகளைப் பார்த்தாள். எல்லா நாளும் பத்து. "கெட்டிக்காரப் பிள்ளை" என்று சொல்லி ரிஸ்னாவைக் கட்டிலில் படுக்கவைத்து, வயிற்றில் பசையைப் பூசி, கைக்கடக்கமான அந்தச் சின்ன மெசினை வைத்தாள்.

மெசின் இரைந்தது. வானொலியில் நிலையம் அகப்படாதபோது கேட்குமே, அந்த இரைச்சல். தயாளினி இடத்தை மாற்றினாள். இரைச்சல். இன்னும் கீழே. இரைச்சல். மெசினை வைத்துவிட்டுப் பையிலிருந்து மரக்குழலை எடுத்து, ஒரு முனையை வயிற்றிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக் குனிந்திருந்தாள். மழை பெய்தது. கட்டிலின் காலடியில் நின்ற றிகாஸ் அவளுடைய கண்ணையே பார்த்தான்.

"பிள்ளை துடிக்குதோ இப்ப?"

"ஓம் மிஸ். இந்தா, இப்பவும் உதைக்குது."

தயாளினி கையை வைத்தாள். வயிறு ஒரு பக்கமாகப் புடைத்து அடங்கியது. றிகாஸும் பார்த்தான். "கைக்கு நல்லாத் தெரியுது" என்றாள் அவள், தனக்குத்தானே சொல்கிற மாதிரி. "காதுக்கு ஒண்டும் வருதில்ல. மெசினுக்கும் வருதில்ல. இப்பிடி நான் ஒரு நாளும் காணேல்ல." பிறகு குரலை இலகுவாக்கிக்கொண்டு, "பயப்பிடாதைங்கோ தங்கச்சி, ஸ்கேனில பாத்தால் தெரியும். இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. நான் முன்னால போய் வாட்டில சொல்லி வைக்கிறன்" என்றாள். வாசலில் வைத்து றிகாஸிடம், "பிந்தவேண்டாம் தம்பி" என்றாள். ஸ்கூட்டர் போய்விட்டது.

ஸ்டாண்டில் ஓட்டோ வைத்திருக்கும் நௌபருக்குப் போன் எடுத்தான். "சந்தியில தண்ணி நிக்குது காக்கா. சுத்தித்தான் வரணும். பத்து நிமிசம்" என்றான் நௌபர்.

பத்து நிமிசம். ரிஸ்னா பையில் உடுப்பு அடுக்கினாள். ஒரு சட்டையை மடித்து வைப்பாள், கையை வயிற்றில் வைத்துப் பார்ப்பாள், அடுத்த சட்டையை எடுப்பாள். "துடிக்குது மச்சான். துடிக்குதுதானே, பிறகென்ன?" என்றாள். "ஓம், ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல" என்றான் அவன். அவனுக்குத் தெரியும். எங்கே போயிருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

அலுமாரிச் சாவி கையில் இருந்தது. எப்போது எடுத்தான் என்று நினைவில்லை.

அந்தத் தட்டில் அவன் இன்னும் கேட்காத இடம் ஒன்றே ஒன்றுதான். முதல் நாள் இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு முடியுமுன் மஃரிபு வந்துவிட்டது; மறுநாள் முதற்பக்கத்திலேயே வாங்கு சொல்லி ஊசி எழும்பிவிட்டது. உப்புவெளியிலும் முதற்பக்கத்தைத் தாண்டவில்லை. இரண்டாம் பக்கத்தின் கடைசி வளையத்துக்குள் அவனுடைய ஊசி ஒரு நாளும் போனதில்லை. இல்லை என்று தெரிந்தால் போதும். அங்கே ஒன்றுமில்லை என்று ஒருதரம் கேட்டுவிட்டால் போதும், பிறகு நிம்மதியாக ஆஸ்பத்திரிக்குப் போகலாம். இதைத்தான் அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான். வேறு எந்த மனிசனும் இந்த நேரத்தில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் இருந்திருப்பான். இவன் சரிபார்க்கப் போனான்.

தட்டைத் திருப்பி வைத்தான். பாட்டுகளைத் தாண்டி நேராகக் கடைசிக்கே ஊசியைக் கொண்டுபோனான். ஊசி வழுக்கி உள்ளே ஓடியது. வளையத்தில் விழுந்தது.

முதலில் ஒன்றுமில்லை.

பிறகு தூரத்தில். பிறகு கிட்ட. திக் திக் திக் திக். வேகமாக, ஈரமாக, ஒரு சுற்றுக்கு நாலு அடி. ஐந்தாம் மாத ஸ்கேனில் டொக்டர் மெசினின் சத்தத்தைக் கூட்டிவிட்டபோது இருவரும் கேட்டு அழுதார்களே, அந்தச் சத்தம். அன்று ஆஸ்பத்திரி வாசலில் அவன் அதை வாயால் செய்து காட்ட, ரிஸ்னா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அதுவேதான். பெரிய ஸ்பீக்கர் இரண்டிலும். அறை முழுக்க.

அவன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். யா அல்லாஹ். யா அல்லாஹ். தட்டு சுழன்றது.

பள்ளியில் வாங்கு தொடங்கியது. மழையைக் கிழித்துக்கொண்டு முதல் சொல் வந்தது, கை எழும்பியது. ஒன்பது வருசத்துக் கை. ஊசியைத் தூக்கியது.

"மச்சான்!"

அப்படி ஒரு குரலை அவன் அவளிடம் கேட்டதில்லை.

"மச்சான், நிண்டுட்டு! புள்ள நிண்டுட்டு! பாதி உதைப்பில நிண்டுட்டு, ஐயோ..."

அவன் ஊசியைப் போட்டான். எறிந்தான் என்றே சொல்லலாம். கீறிக்கொண்டு ஓடி, வளையத்தில் விழுந்தது. திக் திக் திக் திக்.

அடுத்த அறையில் ஒரு நீண்ட மூச்சு. "ஆ... இந்தா. இந்தா துடிக்குது. அல்ஹம்துலில்லாஹ். இந்தா மச்சான், இஞ்ச வாங்க, கைய வச்சுப் பாருங்க."

அவன் போகவில்லை. வாங்கு முழுவதும் தட்டுச் சுழன்றது. அந்த வீட்டில் அதுதான் முதல் தரம். அவன் அழுதுகொண்டே நின்றான். ஊசி ஒரே இடத்தில் எத்தனை மணித்தியாலம் தாங்கும்? வளையம் எத்தனை நாளில் தேயும்? இப்படியான கணக்கெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஊசிக்கு ஆயிரம் மணித்தியாலம். வளையத்துக்கு அவ்வளவு வராது. அவ்வளவு வராது.

கரண்ட் போனது.

விளக்கு, விசிறி, அம்ப்ளிஃபயரின் சிவப்புப் புள்ளி, எல்லாம் ஒரே தரத்தில். ஸ்பீக்கர் செத்தது. தட்டு மட்டும் ஓடின ஓட்டத்தில் இன்னும் சுற்றியது. குனிந்து ஊசிக்குக் கிட்டக் காதை வைத்தான். அம்ப் இல்லாவிட்டாலும் ஊசி தன்பாட்டில் மெல்லப் பேசும். சேகரிக்கிறவன் எவனுக்கும் அது தெரியும். பேசியது. திக் திக்... திக்... தி...க். குரல் தடித்து, இறங்கி, இழுபட்டு.

"மச்சான்..." என்றாள் ரிஸ்னா. "குறையுது..."

சுட்டுவிரலைத் தட்டின் ஓரத்தில் வைத்துச் சுற்றினான்.

திக் திக் திக் திக்.

நிமிசத்துக்கு முப்பத்து மூன்று சுற்று, அதற்கு மேலே ஒரு சுற்றில் மூன்றில் ஒன்று. அந்த வேகம் அவன் எலும்புக்குள் இருந்தது. கூடவும் கூடாது. குறையவும் கூடாது. சுற்று. சுற்று. விரல் நுனி வியர்த்து வழுக்கியது. மற்ற விரலை வைத்தான். இருட்டு. மழை. தோளில் நோவு. சுற்று.

வாசலில் ஓட்டோ வந்து நின்றது. ஹோர்ன். நௌபர் கூப்பிட்டான். "காக்கா! கெதியா!"

போகவேண்டும். அவள் போகவேண்டும். விட்டால் நிற்கும். தட்டைத் தூக்கிக்கொண்டு போக ஏலாது. அவளைத் தனியே அனுப்பலாம். நௌபரோடு. இவன் இங்கே நிற்கலாம். எவ்வளவு நேரம்? இரண்டு மாதம்? கரண்ட் வரும். வரும். அதுவரை.

"ரிஸ்னா!" என்று கத்தினான். "நீ போ! நௌபரோட போ! நான் வாறன்!"

பதிலில்லை.

காலடி கேட்காது, அது அவனுக்குத் தெரியும். தலையைத் திருப்பினான். கதவில் அவள் நின்றாள். ஒரு கையில் பை. மறுகையில் போனின் வெளிச்சம், கீழிருந்து மேலே, முகத்தில். வாய் அசைந்தது. நிறையப் பேசினாள். பையைக் காட்டினாள், வாசலைக் காட்டினாள், வயிற்றைத் தொட்டாள். ஏன் வராமல் நிற்கிறீங்க என்கிற மாதிரிப் புருவத்தை நெரித்தாள். ஒரு சொல்லும் வரவில்லை.

விரலுக்குக் கீழே, ஊசி நுனியில், அந்த நாலு அடிக்கு நடுவே, மெல்லியதாக, கிட்டத்தில்:

"போவமா?"

ஒரு சுற்று.

"போவமா?"

ரிஸ்னா தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி வாயைத் திறந்தாள். அகலமாகத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் நிறைந்தது. அவள் கத்திக்கொண்டிருந்தாள்.

"போவமா?" என்றது ஊசி, சாதாரணமாக, அவள் கடைக்குக் கூப்பிடுகிற குரலில். வெளியே நௌபர் மறுபடி ஹோர்ன் அடித்தான். றிகாஸின் விரல் வழுக்கியது, பிடித்தது, சுற்றியது.

"போவமா?"